ஆண் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லையா?

வணக்கம். கோவையில் முதுகலை உளவியல் படிக்கிறேன். தங்கள் உடலை இளைஞர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது என் ஆய்வேட்டுக்கான தலைப்பு. உணவு பற்றிய மனப்பான்மையை அளக்கும் ஈட்-26 (EAT-26) வினாத்தாளைத் தமிழாக்கி விடுதி மாணவ மாணவியரிடம் கொடுத்தேன். உணவுச் சிக்கல் இருக்கலாம் என்று காட்டும் எல்லை 20 மதிப்பெண். பெண்களில் பலர் அதைத் தாண்டினார்கள்; ஆண்களில் அநேகமாக யாரும் தாண்டவில்லை. டிவி வந்ததும் ஃபிஜித் தீவுப் பெண்கள் மாறிப்போனதை மேற்கோள் காட்டி, இது பெண்களின் பிரச்சினை என்று முடித்துவிடலாமா?
– வி.

அன்புள்ள வி.,

அவசரப்படாதீர்கள். ஈட் என்பது 1979-ல் டொரொன்டோவில், பட்டினி கிடந்து மெலிகிற நோயாளிகளை இனம்காண உருவான வினாத்தாள். 1982-ல் 26 கேள்விகளாகச் சுருக்கினார்கள். குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தைத்தான் அது துழாவும். கை குச்சியாக இருக்கிறதே, நெஞ்சு விரியவில்லையே என்று புழுங்கும் பையன் அதில் சிக்கவே மாட்டான். அவனுக்கென்று 2000-ல் வந்த 15 கேள்விகள் கொண்ட தசை வேட்கை அளவுகோல் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

பெண்களின் மதிப்பெண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். 'நான் இன்னும் சாப்பிடலாம் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்', 'சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள்', 'நான் ரொம்ப ஒல்லி என்கிறார்கள்' என்று மூன்று கேள்விகள் உண்டு. நம் வீடுகளில் இதற்கெல்லாம் 'எப்போதும்' என்று குறிக்காதவர் யார்? விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வாசலிலேயே "இளைச்சுட்டியே" என்பார்கள். 'எப்போதும்' என்றால் 3 மதிப்பெண். ஆக 9 மதிப்பெண் அம்மா போட்டது. 'உணவைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறேன்' என்பது இன்னொரு கேள்வி. சோற்றைப் பிசைந்து உண்பவர் இதற்கு என்ன பதில் சொல்வார்? இந்த நான்கையும் தனியே எண்ணி, அவற்றைச் சேர்த்தால் எத்தனை பேர் 20-ஐத் தாண்டுகிறார்கள், விட்டால் எத்தனை பேர் என்று இரண்டு கணக்கும் கொடுங்கள்.

இனி ஃபிஜி. அங்குள்ள நட்ரோகா பகுதியில் டிவி நுழைந்தது 1995-ல். பருத்த உடலை மதித்த சமூகம் அது. ஒருத்தி மெலிந்தால் அவளைக் கவனிக்க ஆளில்லை என்றே பொருள். அங்கே மாணவிகளிடம் நடத்திய ஆய்வில், இதே ஈட்-26-ல் 20-ஐத் தாண்டியவர்கள் 1995-ல் இருந்த 12.7 சதவீதத்திலிருந்து 1998-ல் 29.2 ஆனார்கள், எடை குறைக்க வாந்தி எடுத்தவர்கள் பூஜ்யத்திலிருந்து 11.3 ஆனார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் முதலில் 63 பேர், பிறகு 65 பேர், இரண்டும் வேறு வேறு மாணவிகள். எல்லோரும் பூர்வகுடிப் பெண்கள். பையன்களைக் கேட்கவே இல்லை. 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போன தமிழர்களின் சந்ததியும் அங்கே இருக்கிறது. அவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. என்னைக் கேட்டால், எண்களைவிட நேர்காணல்களே அதில் உருப்படியானவை. மெலிந்தால் நல்ல வேலை கிடைக்கும் என்று அந்தப் பெண்கள் பேசினார்கள். நீங்களும் ஒரு பத்துப் பேரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள்.

மெலிந்ததிலிருந்து பருத்தது வரை 1 முதல் 9 என எண்ணிட்ட ஒன்பது உருவப் படங்களைக் காட்டி 'இப்போது எப்படி, ஆசை எப்படி' என்று கேட்கும் முறையைச் சேர்த்தால் சராசரி போடாதீர்கள். ஒருவன் 3-லிருந்து 5 ஆக ஆசைப்படுவான், இன்னொருவன் 6-லிருந்து 4. கூட்டினால் பூஜ்யம், இருவரும் திருப்தி என்று தாளில் வரும். பருக்க விரும்புவோர், மெலிய விரும்புவோர், திருப்தியானவர் என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். உயரம், எடையை நீங்களே அளந்து, அதிக எடைக்கு 25-ஐ விட்டு ஆசியருக்கான 23 என்ற பிஎம்ஐ (உயரத்துக்கும் எடைக்குமான குறியீடு) எல்லையை வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் நிறம் இந்தத் தாள்கள் எதிலும் கிடையாது. நம் ஊரில் அதைக் கேட்காமல் ஆய்வே இல்லை. 'கறுப்பாக இருப்பது வருத்தமா' என்றால் பையன்கள் சிரித்து மழுப்புவார்கள். 'கடந்த 30 நாளில் முகத்தில் என்ன பூசினீர்கள், யார் சொல்லி, என்ன விலை' என்று கேளுங்கள். ட்யூபைக் காட்டச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால் என்று அச்சிட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. சில வாரம் வெளுக்கும்; பிறகு தோல் மெலிந்து சிவக்கும், பரு வரும், முடி முளைக்கும். மாதக்கணக்கில் பூசியவர் திடீரென நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே வாங்குவார். தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பெயரில்லாத் தாளில் வாந்தி எடுப்பதாகக் குறித்தவரைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு தாளின் அடியிலும் கல்லூரி ஆலோசகரின் எண்ணைக் கிழித்து எடுத்துப் போகும்படி அச்சிடுங்கள், எல்லோரையும் கிழித்துப் போகச் சொல்லுங்கள்.