‘சேவைதானே’ என்றால் கிராஜுவிட்டி கிடையாதா?

கே: எங்கள் தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் ஆறு வருடமாக இருக்கிறார். ஒவ்வொரு மார்ச் 31-ம் ஒப்பந்தம் முடியும், இரண்டு நாள் விட்டுப் புது ஆர்டர் கொடுப்போம். இப்போது திட்டமே முடிகிறது. கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, தர வேண்டுமா?

ப: பத்துப் பேர் வேலை செய்கிற இடம் என்றால் தர வேண்டும். லாபம் பார்க்காத அமைப்பு என்பது விலக்கு ஆகாது. அந்த இரண்டு நாள் இடைவெளியை நம்பாதீர்கள். அதே மேஜை, அதே கிராமங்கள், அதே பெட்ரோல் பில். எதற்காக விட்ட இடைவெளி என்று எந்த அதிகாரிக்கும் புரியும்.

கணக்கு எளிது. தொகுப்பூதியம் 18,000 என்றால் அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆறு வருடத்தால் பெருக்குங்கள்: 62,308 ரூபாய். திட்டக் கணக்கில் காசு தீர்ந்தபின் இந்தத் தொகையைத் தேடினால் எங்கே கிடைக்கும்? மாதம் 866 ரூபாய், அதாவது சம்பளத்தில் 4.81 சதவீதம், முதலிலிருந்தே தனியாக எடுத்து வைத்திருக்கலாம். அடுத்த திட்ட முன்மொழிவில் இதைச் சம்பளத்துக்குக் கீழே தனி வரியாகப் போடுங்கள். கேட்காமல் எந்த நிதியாளரும் தரமாட்டார். நாம் கேட்கக் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான்.

கே: மாதம் 6,000 மதிப்பூதியம் வாங்கும் தன்னார்வலரைப் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டுமா?

ப: வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாரா? லீவு லெட்டர் கொடுக்கிறாரா? அப்படியானால் வவுச்சரில் என்ன பெயர் எழுதினாலும் அவர் பணியாளர்தான். பி.எஃப்.புக்கான 20 பேர் கணக்கில் அவரும் வருவார்.

கே: நாங்கள் 12 பேர், குடும்பம் மாதிரி. பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு அவசியமா?

ப: அவசியம். 2013 சட்டப்படி பத்துப் பேர் இருந்தாலே வேண்டும். தலைவர் மூத்த பெண் பணியாளர், குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். ‘குடும்பம் மாதிரி’ என்பதுதான் எனக்குக் கவலை. குடும்பத்தில் யார் பெரியவர் மேல் புகார் சொல்வார்கள்? நிறுவனத் தலைவர் மேலேயே புகார் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். அந்த விவரத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கே: பயிற்சி கொடுத்து முடித்ததும் களப்பணியாளர்கள் போய்விடுகிறார்கள். சம்பளம் உயர்த்த வழியில்லை.

ப: டி.ஏ. (பயணப்படி) பில் எத்தனை நாளில் பாஸ் ஆகிறது? நான் முதலில் வேலை பார்த்த அமைப்பில் பஸ் டிக்கெட்டுகளை வெள்ளைத்தாளில் ஒட்டிக் கொடுப்போம். பணம் வருவதற்குள் டிக்கெட்டில் எழுத்தே மங்கிவிடும். நான் அங்கிருந்து கிளம்பியது சம்பளத்துக்காக அல்ல. சரி, நீங்கள் முதலில் நிலுவையில் கிடக்கும் பில்களை இந்த வாரமே தீர்த்துவிடுங்கள்.