கோயில் கொடைத் திருவிழாக் கடையில் பதனீர் புளிக்காம இருக்க
அண்ணாச்சி, காலையில் இறக்கின பதனீர் மதியக் கொடைக்கு முன்னாலேயே நுரைச்சுப் புளிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல கலயத்தைப் பாருங்க. உட்புறம் முழுக்கச் சுண்ணாம்பு பூசித்தான் பனம்பாளையில் கட்டணும். பூச்சு குறைஞ்சா மரத்திலேயே நொதிக்கத் தொடங்கிரும்; கூடினா தொண்டை எரியும்.

மிச்சப் பதனீரோட புதுசைக் கலக்கவே கலக்காதீங்க, ஒரு செம்பு புளிச்சது பானை முழுக்கக் கெடுத்துரும். வெந்நீர்ல கழுவின பானையில் துணியால வடிகட்டி, ஈரச்சாக்கு சுத்தி நிழல்ல வைங்க. ஐஸைப் பானைக்கு வெளியே தொட்டியில் போடுங்க. உள்ளே போட்டா ருசி நீர்த்துப் போகும். பதனீரைப் பனையோலைப் பட்டையில் ஊத்தும்போது மட்டும் நுங்கைச் சேருங்க.

நுரை கட்டினதைச் சுண்ணாம்பு போட்டு மீட்க முடியாது. அது கள்ளு; தமிழ்நாட்டில் விற்கத் தடை இருக்கு. கருப்பட்டிக்கும் பதம் வராது, கொட்டிருங்க.