கனடாவில் வீட்டுக் கூரையோரம் வளைந்து வளைந்து ஓடும் கம்பி எதற்கு?

அது மின்சாரத்தில் சூடாகும் கம்பி. கூரை விளிம்பையும் மழைநீர் வடிகாலையும் பனிக்கட்டி அடைக்காமல் காக்கிறது.

வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் மேலே கசிந்து, கூரை மீது கிடக்கும் வெண்பனியை அடியிலிருந்து உருக்குகிறது. அந்த நீர் சரிந்து, சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் விளிம்புக்கு வருகிறது. அங்கே கீழிருந்து சூடு கிடையாது. 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து மறுபடி உறைந்து, அணை போல நின்றுவிடுகிறது. பின்னால் வரும் நீர் தேங்கி, கூரை இடுக்குகளில் நுழைந்து உட்கூரையை நனைக்கிறது.

வெண்பனியே விழாத நம் குமரி மாவட்டத்திலும் இதைப் பார்க்கலாம். எங்கள் திருவட்டாறு ஓட்டு வீட்டில், ஆனி மழைக்கு முன் தகர வடிகாலில் கிடக்கும் பலா இலைகளை வாராமல் விட்டால் போதும். தண்ணீர் எதிர்த்து ஏறி, ஓட்டுக்கடியில் புகுந்து, வெள்ளையடித்த சுவரில் பழுப்பாகக் கோடிட்டு இறங்கும். அங்கே இலைக்குப் பதில் பனிக்கட்டி, அவ்வளவுதான்.

இந்தக் கம்பி கூரைப் பனி முழுவதையும் உருக்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உருகிய நீர் இறங்க ஒரு வழியை மட்டுமே அது திறந்து வைக்கிறது, வெப்பக் கசிவை நிறுத்த உட்கூரையில் வெப்பத்தடுப்பு போட்டே ஆக வேண்டும்.