கற்பனைச் சிக்கலைக் கொடுத்து விவேகத்தை எடைபோட முடியுமா?

கேள்வி: மனக்கஷ்டத்தில் இருப்பவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் தன்னார்வக் குழு ஒன்றை நடத்துகிறேன். புதிதாகச் சேர வருபவர்களிடம் கற்பனையான ஒரு வாழ்க்கைச் சிக்கலைச் சொல்லி, "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். நன்றாகப் பேசத் தெரிந்தவர்களே தேறிவிடுகிறார்கள். பதிலில் எதைப் பார்ப்பது?

பதில்: முறையில் தவறில்லை. அவர் என்ன முடிவு சொன்னார் என்பதைத் தள்ளி வையுங்கள். முடிவுக்கு வருமுன் எதையெல்லாம் விசாரித்தார் என்று பாருங்கள்.

பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் உளவியலாளர் பால் பால்டெஸும் அவருடைய சகாக்களும் விவேகத்தை அளக்க 1980களிலேயே இந்த வழியில் இறங்கினார்கள். அவர்கள் கொடுத்த சிக்கல்களில் ஒன்று: 15 வயதுப் பெண் உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள், என்னென்ன யோசிக்க வேண்டும், என்ன செய்யலாம்? மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். "கூடவே கூடாது" என்று அடித்துச் சொல்லி முடித்துக்கொண்ட பதிலுக்குக் குறைந்த மதிப்பெண். பொதுவாகக் கூடாதுதான், ஆனால் அவளுக்குத் தீராத நோய் ஏதும் உண்டா, பெற்றோரை இழந்து நிற்கிறாளா, எந்தச் சமூகத்தில், எந்தக் காலத்தில் வாழ்கிறாள் என்று துருவிய பதிலுக்குக் கூடுதல் மதிப்பெண்.

ஐந்து விஷயங்களுக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டார்கள்: மனிதர்களையும் வாழ்க்கையையும் பற்றிய அறிவு; ஒரு பிரச்சினையை எப்படிக் கையாளுவது என்ற அறிவு; வயது, குடும்பம், காலம் என்ற பின்னணியை உணர்தல்; மற்றவரின் மதிப்பீடுகள் தன்னுடையதிலிருந்து வேறுபடலாம் என்று ஏற்பது; எதிர்காலம் நிச்சயமில்லை என்று தெரிந்து அதற்கேற்ப யோசிப்பது. பேச்சுத் திறமையிடம் ஏமாறாமல் இருக்கக் கடைசி இரண்டையும் உன்னிப்பாகக் கவனியுங்கள் என்பேன். சொல்வன்மையால் அறிவைக் காட்டிவிடலாம். நிச்சயமின்மையைத் தாங்கும் மனதை அவ்வளவு சுலபமாகக் காட்ட முடியாது.

ஒரு சிக்கலை வைத்தே பார்ப்போம். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே உள்ள ஒருவரை, பல காலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி அழைத்து, "உடம்பு முடியவில்லை, வந்து என்னோடு இரு" என்கிறார். ஒருவர் சொல்கிறார்: "ரத்த பாசம் விட்டுப்போகுமா? பழையதை மறந்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும்." கேட்க இதமாக இருக்கிறது. இன்னொருவர் தடுமாறித் தடுமாறிப் பேசுகிறார்: "எதனால் பேச்சு நின்றது? தம்பிக்கு என்ன நோய்? அண்ணனுடைய மனைவி என்ன சொல்கிறார்? முதலில் விடுப்பு எடுத்துப் போய்ப் பார்க்கலாம், வேலையை இப்போதே விட வேண்டாம். அங்கே போனபின் நிலைமை வேறாகத் தெரிந்தால் முடிவை மாற்றிக்கொள்ளலாம்." இரண்டாமவரைத்தான் நான் சேர்த்துக்கொள்வேன்.

அவர் பேசி முடித்ததும், "அந்தத் தம்பி உங்கள் தம்பி என்றால்?" என்று கேளுங்கள். உளவியலாளர்கள் இகோர் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், துணையின் துரோகத்தைக் கற்பனை செய்யச் சொன்னபோது, நண்பருக்கு நேர்ந்ததாக நினைத்தவர்கள் தங்களுக்கே நேர்ந்ததாக நினைத்தவர்களைவிட நிதானமாக யோசித்தார்கள். தன்னைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னதும் அந்த வித்தியாசம் மறைந்தது. எனவே இந்தக் கேள்விக்கு ஒருவர் சற்றுத் தடுமாறினால் நிராகரித்துவிடாதீர்கள். விலகி நின்று பார்ப்பது பயிற்சியில் சொல்லித்தரக்கூடிய ஒன்று.

பதிலைப் பதிவு செய்து, பேசியவரின் பெயரும் வயதும் தெரியாத இருவர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். வயதை மறைப்பது அவசியம்: பெர்லின் ஆய்வுகளில் சுமார் 25 முதல் 75 வயது வரை, வயது கூடியதால் மட்டும் மதிப்பெண் கூடவில்லை. யோசிக்க எல்லோருக்கும் ஒரே அளவு அவகாசம் கொடுங்கள். நெருங்கிய ஒருவரோடு பேசிவிட்டுத் தனியே யோசித்தவர்களும், அப்படி ஒருவரோடு மனதுக்குள்ளேயே பேசிப் பார்த்தவர்களும் அதே நிறுவனத்தின் ஆய்வில் கணிசமாக நன்றாகச் செய்தார்கள். ஒருவருக்கு அவகாசம் தந்து, மற்றவரை உடனே பேசச் சொன்னால் ஒப்பீடே பொருளற்றுப்போகும்.

"நான் பிறரைப் புரிந்துகொள்பவன்" போன்ற வாக்கியங்களுக்கு டிக் அடிக்கும் வினாத்தாளும் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அது உதவும். ஆள் தேர்வுக்கு வேண்டாம். எந்தப் பதில் நல்ல பெயர் தரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மரணம், தற்கொலை போன்றவற்றைச் சிக்கலாக வைத்தால், வேறொன்றைக் கேட்டு வாங்கும் உரிமை வந்தவருக்கு உண்டு என்று முன்பே சொல்லிவிடுங்கள். அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவராக இருக்கலாம்.

ஒரே சிக்கலை நம்பாமல் மூன்று வெவ்வேறு சிக்கல்களைக் கொடுங்கள். இவை காட்டுவது யோசிக்கும் விதத்தை மட்டுமே. எதிரில் ஒருவர் அழும்போது இவர் எப்படி இருப்பார் என்பதை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க, முதல் சில அமர்வுகளில் நேரில்தான் பார்க்க வேண்டும்.