ஓடும் பிள்ளைக்குப் புரோட்டீன் பவுடர் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் கோபிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மகளுக்கு 15 வயது, அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடுகிறாள். எடை 44 கிலோ. காலை ஐந்தரைக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போனால் ஏழரைக்குத்தான் வருவாள். குளித்து எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கும். சாயங்காலமும் ஒரு மணி நேரம் பயிற்சி. இரண்டு மாதமாக ஓடி முடித்தால் தலை சுற்றுகிறது என்கிறாள். கோச் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்கிறார். ஒரு டப்பா மூவாயிரத்துக்கு மேல். வாங்கலாமா? வீட்டில் பால், முட்டை உண்டு. கறி மாதம் ஒரு தடவை எடுப்போம்.

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், அம்மா. அந்தப் பணத்தில் கொஞ்சத்தை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு எடுத்து வையுங்கள். மீதி முட்டைக்கும் கடலைக்கும் பழத்துக்கும் ஆகட்டும்.

நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த நேரக் கணக்குதான். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முழுச் சாப்பாடு பள்ளியில் பன்னிரண்டரைக்கு. நடுவில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் போகிறது, நாளின் கடினமான ஓட்டமும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் மைதானத்துக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கும் இதே கதைதான். ஓடுவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 1 கிலோகலோரி செலவாகும். உங்கள் மகள் காலையில் 8 கிலோமீட்டர் ஓடினால் 350 கிலோகலோரி போய்விடும். ஏறத்தாழ ஆறு இட்லி. இந்த வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 2400 கிலோகலோரி வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அளவீடு. தீவிரமாகப் பயிற்சி செய்கிறவளுக்கு அதற்கும் மேலே வேண்டும். அது கிடைக்காதபோது உடல் எதையாவது குறைத்துக்கொள்ளும். சில பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்து எலும்பில் நுண்ணிய விரிசலாகவே முடியும். மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு வரவில்லை என்றாலோ, 15 முடிந்தும் வயதுக்கு வரவில்லை என்றாலோ "ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலைசுற்றலுக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, படபடப்பு வந்தாலோ, குடும்பத்தில் யாராவது இள வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, சாப்பாட்டைப் பற்றி யோசிக்கும் முன் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அதுவரை ஓட்டம் வேண்டாம். இதெல்லாம் இல்லை என்றால் என் முதல் சந்தேகம் இரும்புச்சத்து.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியது. ஓடுகிற பெண்ணுக்கு இழப்பு இன்னும் அதிகம். மாதவிலக்கில் போவது ஒரு பக்கம். வியர்வையில் கொஞ்சம் போகும். பாதம் தரையில் திரும்பத் திரும்ப மோதுவதால் இரத்த அணுக்களும் கொஞ்சம் உடையும். கடுமையாக ஓடி முடித்த சில மணி நேரத்துக்குக் குடல் இரும்பை உறிஞ்சுவதும் குறைந்துவிடும். எனவே ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். ஃபெரிட்டின் என்பது உடலில் இருக்கும் இரும்புச் சேமிப்பின் அளவு. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அது 12க்கு மேல் இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே போய்விட்ட பெண்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களும் சீக்கிரம் களைத்துப்போவார்கள், நேரம் முன்னேறாது. ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். ஃபெரிட்டினுக்கு லேபுக்குப் போக வேண்டியிருக்கும். குறைவாக இருந்தால் மாத்திரை எத்தனை, எவ்வளவு நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வயிறு புரட்டுகிறது என்று பல பெண்கள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் குறையும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

டீயை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டோடும் மாத்திரையோடும் குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். கறி மாதம் ஒரு தடவை என்கிறீர்கள், முடிந்தால் வாரம் ஒரு தடவை ஆக்குங்கள். ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ (மண்ணீரல்) கிடைத்தால் இன்னும் நல்லது, கறியில் உள்ள இரும்பு கீரையில் இருப்பதைவிட எளிதாகச் சேரும். கம்பஞ்சோறு, கொள்ளு, கீரை சாப்பிடும்போது கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும். நாட்டுச் சர்க்கரையில் இரும்பு இருக்கிறது என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை ஓட்டத்துக்கு முன்னால் சக்தி தரும், இரத்தசோகையைத் தீர்க்காது.

இனி புரோட்டீன். பயிற்சி செய்யும் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.6 கிராம் வேண்டும். உங்கள் மகளுக்கு 53 முதல் 70 கிராம். சத்துணவில் ஒரு முட்டை, வீட்டில் ஒரு முட்டை என்றால் 12 கிராம். அரை லிட்டர் பாலோ தயிரோ 16. ஒரு கைப்பிடி நிலக்கடலை 7. பருப்பும் கொள்ளும் சேர்ந்து 50 கிராம் வேகவைத்தால் 11. நாள் முழுக்கச் சாப்பிடும் அரிசி, கம்பு, ராகியிலிருந்தே 20க்கு மேல். கூட்டினால் 66க்கு மேல் வந்துவிடுகிறது. பவுடரில் ஒரு கரண்டிக்கு 24 கிராம் அளவில் இருக்கும். மூன்று முட்டையும் ஒரு டம்ளர் பாலும் அதையே தரும், நாமக்கல் நமக்குப் பக்கத்து மாவட்டம். சாப்பாடு போதாமல் இருக்கும்போது பவுடர் கொடுத்தால் அந்தப் புரோட்டீனையும் உடல் எரிபொருளாக எரித்துவிடும். இன்னொன்றும் யோசியுங்கள். சில பவுடர்களில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினால், கோச் சொல்லி வாங்கினேன் என்பது காப்பாற்றாது. உடலுக்குள் போனதற்கு வீராங்கனைதான் பொறுப்பு.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லி ஒல்லியாக ஓடுகிற பிள்ளைக்குக் கொள்ளையே கொடுக்காத வீடுகளைப் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. நம் பக்கத்து மண்ணில் விளைகிற இத்தனை நல்ல பருப்பை ஏன் ஒதுக்க வேண்டும்? தேவையான சோறும் கூட இருந்தால் கொள்ளு யாரையும் இளைக்க வைக்காது. விலக்கு நாட்களில் சூடு என்று முட்டையையும் கம்பையும் நிறுத்துவதும் அப்படித்தான். அந்த நாட்களில்தான் அவளுக்கு அவை தேவை.

நடைமுறையில் இப்படிச் செய்து பாருங்கள். எழுந்ததும் டீக்குப் பதில் ஒரு வாழைப்பழம், கூடவே சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் பழத்தோடு இரண்டு பேரீச்சை. ஓடும் முன் கூழும் கொள்ளும் வேண்டாம், வயிறு கனத்து ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். காலைச் சாப்பாட்டைத் தூக்கில் கொடுத்துவிடுங்கள். ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள், பஸ்ஸிலானாலும் சரி, சாப்பிட்டுவிட வேண்டும். அரிசிம்பருப்புச் சாதம் நெய் விட்டு, ஒரு அவித்த முட்டையோடு. இதைவிடப் பொருத்தமான சாப்பாட்டை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை: சோறு தீர்ந்த சக்தியை நிரப்பும், பருப்பும் முட்டையும் தசையைச் சரிசெய்யும், முதல் நாள் ராத்திரியே பாதி வேலையை முடித்து வைக்கலாம். சந்தகையும் தேங்காய்ப்பாலும் ஆசைப்பட்டால் கூட ஒரு முட்டை போதும். காலை இடைவேளையில் கடலை உருண்டை. சாயங்காலப் பயிற்சிக்கு முன் ஒரு பழம், முடித்து வந்ததும் தட்டைப்பயறோ பச்சைப்பயறோ சுண்டலாக. ராத்திரி வழக்கமான சாப்பாடு, படுக்கும் முன் பால். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ராகிக் களி செய்யுங்கள். இந்த வயதில் நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், 100 கிராம் ராகியில் 350க்குப் பக்கம் கிடைக்கிறது.

பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட நீர்மோர் கொடுத்தனுப்புங்கள். பொள்ளாச்சி இளநீர் அருமையானதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போகும் சோடியம் குறைவு. போட்டி அன்று புதிதாக எதையும் சாப்பிட விடாதீர்கள். காபின் கலந்த எனர்ஜி டிரிங்க் வேண்டவே வேண்டாம்.

கோச்சோடு சண்டை வேண்டாம். பரிசோதனை முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள், அது வரும் வரை காலை ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். எடையைக் குறைத்தால் வேகம் வரும் என்று யாராவது அவளிடம் சொன்னால், 44 கிலோவில் அது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம், சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். அடுத்த ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அந்த மதிய முட்டை நின்றுவிடும், டிபன் பாக்ஸில் நீங்கள்தான் வைத்தனுப்ப வேண்டும்.