புதிய கார்களின் தொடுதிரை முதியவர்களுக்கு ஏன் சிரமமாக இருக்கிறது?

முன்பு தனித்தனிப் பொத்தான்களால் இயக்கிய ஏசி, ரேடியோ போன்றவற்றை ஒரே கண்ணாடிப் பலகையில் அடக்கியதே காரின் தொடுதிரை. இருட்டில் வீட்டுச் சுவிட்சைக் கை தானாகவே தேடிப் போடுவதுபோல, பழைய பொத்தானைப் பார்க்காமலே அழுத்தலாம். வழுவழுப்பான திரையிலோ விரலுக்கு எதுவும் தட்டுப்படாததால், சாலையிலிருந்து கண்ணை எடுத்தே ஆகவேண்டும். 40 வயதைக் கடந்தபின் கண்ணின் வில்லை இறுகுவதால், தொலைவிலிருந்து அருகே பார்வையை மாற்றுவதும் கடினமாகிறது. மேலும், இத்திரைகள் விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்து இயங்குபவை. முதுமையில் தோல் உலர்ந்துபோன விரலைச் சில வேளைகளில் அவை உணர்வதேயில்லை. ஓட்டும்போது கண் இப்படிச் சாலையை விட்டு விலகுவது உண்மையிலேயே ஆபத்தானது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பும் தன் 2026 மதிப்பீட்டு விதிகளில் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிக் கைவிசைகளை வலியுறுத்துகிறது. முதியவர்களின் கற்கும் திறன் குறைந்ததே இந்தச் சிரமத்துக்குக் காரணம் என்று நினைப்பது தவறு. ஓடும் வண்டியில் திரையைத் துழாவும் இளைஞரின் கண்ணும் சாலையை விட்டு விலகத்தான் செய்கிறது.