சேனைக்காக வெட்டிய வன்னிக் காட்டு மண் ஏன் சீக்கிரம் களைத்துப் போகிறது?

இலங்கையின் வடக்கே வன்னியில், பாலை, வீரை, முதிரை மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டை வெட்டி எரித்து அந்த நிலத்தில் பயிர் செய்வதுதான் சேனை. அப்படிச் சேனை போட்டால், முதல் போகம் நன்றாக விளையும். இரண்டு மூன்று வருடத்தில் மண் களைத்துவிடும்.

மண் போசணை என்பது நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் போல, மரம் வேரால் உறிஞ்சி வளரும் பொருட்கள். வன்னிச் செம்மண்ணில் இவை, முக்கியமாக நைதரசன், குறைவு. காடு அதே சத்தைத் திரும்பத் திரும்பப் பாவித்துத்தான் செழிக்கிறது. சின்னக் கடைக்காரர் இன்று விற்ற காசில் நாளைய சரக்கு எடுப்பது போல. பெட்டியில் காசு தங்காது, ஆனால் கடை ஓடும்.

காட்டுக்குள் சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த இலை, அடியில் கறுத்து உக்கியது, அதற்குள் வெள்ளை நூலாகப் பூஞ்சணம், மயிர் போன்ற வேர்கள். மாரி மழை விழுந்ததும் கறையானும் பூஞ்சணமும் பக்டீரியாவும் சருகைப் பிரிக்க, அந்த வேர்கள் சத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வீட்டில் நாம் வெறுக்கும் கறையான் இல்லாமல் இந்தக் காடு இல்லை.

எரிக்கும்போது நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சும் பொற்றாசியமும் கல்சியமும் முதல் விளைச்சலுக்குக் கைகொடுக்கும். அப்புறம் மூடாக்கு இல்லாத மேல்மண்ணை மாரி வெள்ளம் அரிக்கும், அறுவடையோடும் சத்து வெளியேறும். பல வருடம் தரிசாக விட்டால்தான் பற்றை முளைத்து மெல்ல மீளும்.

பெரிய காடு நிற்கிறதென்றால் அடிமண்ணும் கொழுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, சத்தில் பெரும்பங்கு மரத்திலும் சருகிலும் மெல்லிய மேல்மண்ணிலும்தான் இருக்கிறது.